பழைய 8085 கிட்டுக்குப் புது சிப் துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மேசை போட்டு உட்காருவேன். பாபநாசம், திருவிடைமருதூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கமிருந்து பிள்ளைகள் வருவார்கள், சில நாள் அவர்களுடைய அப்பாக்களும் வருவார்கள். கையில் இன்டெல் 8085 மைக்ரோபிராசசர் வைத்த ஒரு பழைய பயிற்சிக் கிட் இருக்கும், அல்லது பிரட்போர்டில் (ஒயரைக் குத்தியே சுற்று கட்டும் பலகை) பாதி கட்டிய இசட்80 இருக்கும். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் 8085 எதற்கு சார்?

இன்டெல் 8085 வெளிவந்தது 1976-ல். நம் பக்கத்துப் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் படித்த இரண்டு தலைமுறைக்கு மைக்ரோபிராசசர் என்றாலே அதுதான். பதினாறு விசைப் பலகை, ஆறு செவன்-செக்மென்ட் எழுத்து, 3இ, 05, 76 என்று கையால் தட்டி ஓடவிட்ட நிரல் எல்லாம் பலருக்கு இன்னும் மனப்பாடம். பாடத்திட்டம் மாறியதும் கிட்டுகள் அலமாரிக்குப் போயின, அங்கிருந்து ஏலத்துக்கும் காயலான் கடைக்கும் போயின. அதனால் இங்கே எளிதில் கைக்கு வருவது அதே காலத்து மைக்ரோபிராசசர்களான இசட்80-யும் 6502-ம் அல்ல, 8085 தான். கிடைக்கிற மண்ணில்தானே பானை செய்ய முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. கிளாக் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் 6.144 மெகாஹெர்ட்ஸ், உள்ளே ஓடுவது அதில் பாதி, 3.072. ஒரு கிளாக் துடிப்புக்குச் சுமார் 325 நானோ நொடி. கம்பிகளில் வரும் 0, 1-ஐ வரைந்து காட்டும் ஒரு மலிவான லாஜிக் அனலைசரை மாட்டினால் ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்க்கலாம். போனுக்குள் இருக்கும் சிப்பில் அந்தப் பார்வை கிடைக்காது.

புது சிப் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

மூன்று வகை. முதலாவது, கேல் (GAL) எனப்படும் சின்ன லாஜிக் சிப். அரை டஜன் 74 வரிசை ஐசி செய்யும் வேலையை ஒரே சிப்பில் எழுதிவிடலாம். 1985-ல் லாட்டிஸ் கொண்டுவந்தது. லாட்டிஸ் நிறுத்திவிட்டாலும் அதே கால் (பின்) அமைப்பில் ஏடிஎஃப்16வி8, ஏடிஎஃப்22வி10 என்று மைக்ரோசிப் நிறுவனம் விற்கிறது. இதற்கு அண்ணன், இன்னும் நிறைய லாஜிக் கொள்ளும் சிபிஎல்டி. ஏடிஎஃப்1504-ல் 64 மேக்ரோசெல் (லாஜிக் எழுதும் அறை), 1508-ல் 128. இரண்டுக்கும் 5 வோல்ட் வகை உண்டு என்பது நமக்குப் பெரிய வசதி.

இரண்டாவது, மைக்ரோகன்ட்ரோலர், ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி. ஏடிமெகா32, ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்றவை. மூன்றாவது எஃப்பிஜிஏ, ஒரு முழு மெஷினின் லாஜிக்கையே எழுதக்கூடிய பெரிய சிப். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதையெல்லாம் போட்டால் அது பழைய கணினிதானா? ஏமாற்று வேலை இல்லையா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். ஒரு பிக்கோ மட்டுமே முழு 8085-ஐயும் மென்பொருளாக நடித்துக் காட்டிவிடும். அப்படியிருக்க அதை 8085-க்குப் பக்கத்தில் எடுபிடியாக ஏன் வைக்க வேண்டும்?

நான் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது: கட்டளையைத் தன் கால்கள் வழியாகத் தானே எடுத்து, தானே செய்வது பழைய சிப்பாக இருக்க வேண்டும். பஸ், அதாவது சிப்புகளை இணைக்கும் கம்பிக் கூட்டம், திறந்து கிடக்க வேண்டும், எந்தக் கம்பியில் வேண்டுமானாலும் ஒரு எல்இடியை வைத்துப் பார்க்க முடிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ரோம், டிஸ்பிளே, கீபோர்டு, எஸ்டி கார்டு என்று சுற்று வேலையை யார் செய்தாலும் எனக்கு மனக்குறை இல்லை. இசட்80-எம்பிசி2 என்று ஒரு திறந்த வடிவமைப்பு இருக்கிறது. மொத்தமே நாலு ஐசி: இசட்80, ரேம், ஒரு 74எச்சி00, ஒரு ஏடிமெகா32. ஏடிமெகா ரோமாகவும் போர்ட்டாகவும் வட்டாகவும் வேலை செய்கிறது. ஆனால் நிரலை ஓட்டுவது இசட்80 மட்டும்தான். அதைப் பார்த்துப் படித்த பிள்ளைக்கு இசட்80 தெரியும் என்று தைரியமாகச் சொல்வேன்.

பழைய முறையில் 8255, 8279, 8251 என்று அந்தக் காலத் துணை சிப் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்துக் கட்டுவதும் நல்ல காரியம்தான். ஆனால் ஒரு 8279-க்காக நாலு மாதம் காத்திருந்து ஆர்வம் வடிந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் மெஷின் ஓடட்டும். அப்புறம் துணை சிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழையதை வைக்கலாம்.

முகவரி பிரிப்பு என்கிறார்களே, அது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

வாய்க்கால் தெரியுமா? அப்படியானால் இதுவும் புரியும். டேட்டா பஸ் ஒரு வாய்க்கால். ரோம், ரேம், போர்ட் எல்லாம் அதன் கரையில் இருக்கும் வயல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மடை உண்டு, அதுதான் சிப் செலெக்ட் கால். 8085 ஒரு முகவரியைச் சொன்னதும் அந்த முகவரிக்குரிய மடை மட்டும் திறக்க வேண்டும். இரண்டு மடை ஒரே நேரத்தில் திறந்தால், ஒரு சிப் கம்பியை 5 வோல்ட்டுக்கு இழுக்கும், இன்னொன்று பூஜ்யத்துக்கு இழுக்கும். இரண்டும் சூடாகும். நாளடைவில் ஒன்று போய்விடும்.

எந்த முகவரிக்கு எந்த மடை என்று முடிவு செய்கிற முறைக்காரர்தான் முகவரி பிரிப்பு. பழைய கிட்டில் இந்த வேலையை 74எல்எஸ்138-ம் சில கேட்டுகளும் செய்யும். வரைபடம் தொலைந்துபோன கிட்டில் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

சரி, கேல் சிப்பில் அதை எப்படி எழுதுவது?

சாதாரண உரைக் கோப்பில்தான். எந்தக் கால் என்ன பெயர் என்று முதலில் எழுதுகிறீர்கள். பிறகு வெளியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. உதாரணத்துக்கு, மேல்கோடி முகவரிக் கம்பியான 15 பூஜ்யம், மெமரியா போர்ட்டா என்று சொல்லும் ஐஓ/எம் கால் பூஜ்யம் (மெமரி) என்றால் ரோம் மடை திறக்கட்டும். கம்பி 15 ஒன்று, ஐஓ/எம் பூஜ்யம் என்றால் ரேம் மடை. இரண்டே வரியில் 64 கிலோபைட் இரண்டு பாதியாகப் பிரிந்துவிட்டது. கேலாஸ்ம் என்ற இலவச மென்பொருள் இந்தக் கோப்பை ஜெடெக் கோப்பாக மாற்றித் தரும், அதை புரோகிராமர் என்ற எழுதும் கருவி வழியாகச் சிப்பில் ஏற்ற வேண்டும்.

செலவு சிப்பில் இல்லை, புரோகிராமரில் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது நல்லது. வாங்குவதற்கு முன் அது எந்தெந்தச் சிப்பை எழுதும் என்ற பட்டியலில் ஏடிஎஃப்16வி8 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிஎச்341 என்று மலிவாக விற்கும் கறுப்பு ஸ்டிக்கை நம்பி இரண்டு பேர் பணத்தை விட்டார்கள். அது பயாஸ் மாதிரியான எட்டுக்கால் மெமரிக்கு மட்டுமே, கேல் எழுதாது.

பழைய போர்டிலிருந்து கழற்றிய கேல் வீணில்லை. மின்சாரத்தாலேயே அழித்துத் திரும்ப எழுதலாம். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தாலும் அழிக்க முடியும். ஏடிஎஃப்16வி8-க்கு 100 தடவை அழித்து எழுதலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். கணக்குப் போட்டு எழுதினால் அது ஒரு ஆயுளுக்குப் போதும். ஆனால் பால் (PAL) என்று அச்சடித்த இன்னும் பழைய சிப் கிடைத்தால் எடுக்க வேண்டாம். அநேகமாக அது ஒரே தடவை எழுதுகிற ஃபியூஸ் வகையாக இருக்கும்.

கிட்டை ஆன் செய்தால் டிஸ்பிளேயில் கன்னாபின்னா எழுத்து வருகிறது. ஈப்ராம் போய்விட்டதா?

இருக்கலாம். கிட்டின் நிரலை வைத்திருக்கும், முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஐசிதான் ஈப்ராம். அந்த ஜன்னலை மூடிய ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். நேரடி வெயில் பட்டால் ஒரு வாரத்தில், டியூப்லைட் வெளிச்சம் தொடர்ந்து பட்டால் சுமார் 3 ஆண்டில் உள்ளே இருப்பது அழியலாம் என்று அதன் தகவல் தாளே சொல்கிறது. ஜன்னலோர அலமாரியில் பத்து வருஷம் கிடந்த கிட்டின் கதி என்னவாகும்?

எளிய வழி, அந்த நிரலின் நகல் வேறு கிட்டில் இருந்தால் அதைப் படித்து ஏடி28சி256 மாதிரியான ஈஈப்ராமில் (மின்சாரத்தாலேயே அழியும் வகை) எழுதி மாட்டுவது. 28 கால் சாக்கெட்டாக இருந்தால் கால் அமைப்பை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஓரிரு கால் மாறும்.

ரோமுக்குப் பதிலாகப் பிக்கோவை மாட்ட முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

8085-ல் கீழ் எட்டு முகவரியும் டேட்டாவும் ஒரே எட்டுக் கம்பியில் மாறி மாறி வரும். சாதாரணமாக இதைப் பிரிக்க 74எல்எஸ்373 ஒன்று வைப்பார்கள். பிக்கோவுக்கு அது வேண்டாம். இப்போது வருவது முகவரி என்று காட்டும் ஏஎல்இ கால் மேலிருந்து கீழே விழும் கணத்தில் அந்த எட்டுக் கம்பியைப் படித்துத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். கணக்குப் போடுங்கள்: அந்த எட்டு, மேல் முகவரி எட்டு, ஏஎல்இ, படிக்கச் சொல்லும் ஆர்டி, எழுதச் சொல்லும் டபிள்யூஆர், ஐஓ/எம் ஆக 20 கால். டேட்டாவின் திசையை மாற்ற ஒன்று, ரெடி காலுக்கு ஒன்று, ரீசெட்டுக்கு ஒன்று. மொத்தம் 23. பிக்கோவில் நமக்குக் கிடைப்பது 26. கச்சிதமாகப் பொருந்துகிறது. பலரும் குறையாகச் சொல்லும் அந்தக் கம்பிப் பங்கீடு இங்கே நமக்கு உதவியாகிவிட்டது.

அடுத்தது நேரம். ஆர்டி கால் கீழே போனதிலிருந்து சுமார் 300 நானோ நொடிக்குள் டேட்டா கம்பியில் இருக்க வேண்டும். பிக்கோ 125 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது அதன் ஒரு துடிப்பு 8 நானோ நொடி. ஆக நமக்கு 37 துடிப்பு கிடைக்கிறது. முகவரி அதற்கு முன்பே வந்துவிடுவதால் உண்மையில் இன்னும் தாராளம். இரண்டு கோர் இருப்பதில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், வேறு எந்த வேலையும் அதற்குத் தராதீர்கள். அல்லது பிஐஓ என்ற சின்ன இயந்திரங்கள் எட்டு இருக்கின்றன, கம்பியைக் கவனிப்பதற்கென்றே படைத்தவை, அவற்றிடம் கொடுங்கள்.

எல்லோரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. பிக்கோவின் நிரல் வழக்கமாக வெளியே இருக்கும் ஃபிளாஷ் மெமரியிலிருந்து ஓடும். தேவையான வரி உள்ளே கேஷ் என்ற சின்ன நினைவில் இல்லையென்றால் அதை எடுத்துவரவே நேரம் போய்விடும். அதனால் ஆயிரம் தடவை சரியாக வந்த பைட் ஆயிரத்தோராவது தடவை தப்பாக வரும். இதைக் கண்டுபிடிக்க நான் இரண்டு வாரம் தடவினேன். பஸ்ஸுக்குப் பதில் சொல்லும் பகுதியை முழுக்க ரேமில் வைத்து ஓடவிட்டதும் சரியானது. அப்படியும் பயமாக இருந்தால் ரெடி காலைக் கீழே பிடித்து 8085-ஐ ஒரு துடிப்பு காத்திருக்கச் சொல்லலாம். அது பொறுமையான சிப்.

இதில் வரும் சுகம் என்னவென்றால், புது நிரல் எழுதினால் ஈப்ராமைக் கழற்றி, அழித்து, எழுதி, மாட்ட வேண்டியதில்லை. யூஎஸ்பி வழியாக அனுப்பினால் பிக்கோ 8085-ஐ ரீசெட்டில் பிடித்து, புது நிரலை வாங்கிக்கொண்டு, விட்டுவிடும். மூன்று விநாடி.

பிக்கோ 3.3 வோல்ட், 8085 5 வோல்ட். நேராக மாட்டலாமா?

பிக்கோவிலிருந்து 8085-க்குப் போகும் திசையில் பிரச்சினை இல்லை. 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே 8085 அதை ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். எதிர்த் திசைதான் ஆபத்து. பழைய பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040-ன் கால் 5 வோல்ட்டைத் தாங்க வடிவமைத்ததல்ல. “நான் மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு ஆகாமல் இருக்கலாம்.

74எல்விசி245 மூன்று வாங்குங்கள். 3.3 வோல்ட்டில் ஓடவிட்டாலும் அதன் உள்ளீடு 5 வோல்ட்டைத் தாங்கும். டேட்டாவுக்கு ஒன்று, மேல் முகவரிக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு ஒன்று. நாலு கம்பிக்கு என்று குட்டியாக விற்கும் லெவல் ஷிஃப்டர் போர்டு, மாஸ்ஃபெட்டும் ரெசிஸ்டரும் வைத்தது, பஸ்ஸுக்கு ஆகாது. சென்சார் மாட்ட நல்லது, இந்த வேகத்துக்கு அலை மழுங்கிவிடும்.

6502 கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றும் விற்பனையில் இருக்கும் டபிள்யூ65சி02-ஐ 5 வோல்ட்டில் ஓட்டினால் அது 3.5 வோல்ட் இருந்தால்தான் ஒன்று என்று ஒப்புக்கொள்ளும், 3.3 போதாது. நடுவில் 74எச்சிடி245 வையுங்கள். அதைவிட எளிது, முழு மெஷினையும் 3.3 வோல்ட்டில் ஓட்டுவது. அப்போதும் 8 மெகாஹெர்ட்ஸ் வரை போகும்.

கையைக் கிட்டே கொண்டுபோனால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. இது என்ன மாயம்?

போன ஐப்பசியில் இதே புகாருடன் திருவாரூரிலிருந்து ஒரு மாணவி வந்தாள். சொந்தமாகப் பிரட்போர்டில் கட்டிய 8085, ஒயரிங் கோலம் போட்ட மாதிரி அவ்வளவு சுத்தம். சிப்பின் இடது பக்கம் விரலை வைத்தால் எல்இடி ஒழுங்காகச் சிமிட்டும். விரலை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தாறுமாறாகிவிடும்.

லாஜிக் அனலைசரை மேல் முகவரியில் மாட்டிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. கீழ் முகவரிக்கு மாற்றியதும் தெரிந்தது. ஒழுங்காக 0010, 0011, 0012 என்று போய்க்கொண்டிருந்த சிப் திடீரென்று 0024-க்குத் தாவியது. பதினாறின் அடிப்படையில் 0024 என்பது டிராப் என்ற இன்டரப்ட்டின் (ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்பு) முகவரி. டிராப் ஆறாவது கால், நிரலால் அதைத் தடுக்கவே முடியாது. அவள் அதை எங்கேயும் மாட்டவில்லை, அந்தரத்தில் விட்டிருந்தாள். காற்றிலிருக்கும் மின் இரைச்சலே அதற்குப் போதுமானதாக இருந்தது. விரல் பட்டபோது உடம்பு வழியாக அது அடங்கியது.

ஆறாவது காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சின்ன ஒயர். அவ்வளவுதான். பயன்படுத்தாத இன்டரப்ட் கால்கள் ஐந்தும், ஹோல்ட் காலும் கிரவுண்டுக்குப் போக வேண்டும். ரெடி 5 வோல்ட்டுக்குப் போக வேண்டும். கேல், 74எச்சி வகைகளிலும் மாட்டாத உள்ளீட்டை அந்தரத்தில் விடாதீர்கள்.

நேராக எஃப்பிஜிஏ வாங்கிவிடலாமா?

முதல் மெஷினுக்கு வேண்டாம். எஃப்பிஜிஏ-க்குள் சிபியூவையும் எழுதிவிட முடியும் என்பதால், கை தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. அப்புறம் மேசையில் இருப்பது ஒரே ஒரு போர்டு, தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டாவது மெஷினுக்கு, இப்போது எங்குமே கிடைக்காத வீடியோ சிப், சவுண்டு சிப்பை மறுபடி செய்ய அதைவிட நல்ல கருவி கிடையாது. லாட்டிஸ் ஐஸ்40 வரிசைக்கு யோசிஸ் போன்ற திறந்த மென்பொருள் இருப்பதால் சாதாரண லேப்டாப்பே போதும். அங்கேயும் 5 வோல்ட் ஆகாது என்பதை மறக்க வேண்டாம்.

இசட்80 தயாரிப்பை நிறுத்திவிட்டார்களாமே?

ஆமாம். 1976-ல் வந்த அந்த நாற்பது கால் சிப்புக்கு 2024 ஜூன் 14 வரைதான் கடைசி ஆர்டர் என்று ஜைலாக் அறிவித்தது. இருக்கும் சரக்கு ஊரெங்கும் உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் வேறு சிப்பின் முகத்தைச் சுரண்டி இசட்80 என்று அச்சடித்து விற்பது கூடும். எழுத்து மிகப் புதிதாக, கால்கள் பழையதாக இருந்தால் வாங்காதீர்கள்.

8085-ல் சிபி/எம் ஓடுமா?

ஓடும், அதுவும் சுகமாக. சிபி/எம் அந்தக் காலத்து இயக்க மென்பொருள். கேரி கில்டால் 1974-ல் அதை எழுதியது 8085-க்கு முந்தைய 8080-க்கு. 8080-ன் கட்டளை எல்லாம் 8085-க்குத் தெரியும். நிரல் எழுதும் மென்பொருள்களில் எம்பேசிக் ஓடும். டர்போ பாஸ்கல் ஓடாது, அது இசட்80 கேட்கும்.

சிக்கல் ஒன்று. ரீசெட் ஆனதும் 8085 முகவரி 0000-ல் ரோமைத் தேடும். சிபி/எம் அதே இடத்தில் ரேமைக் கேட்கும். இங்கேதான் கேல் மறுபடி கைகொடுக்கிறது. அதன் வெளியீடு ஒன்றை ஒரு நிலையை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்பாக எழுதிக்கொள்ளுங்கள். ஆன் ஆனதும் ரோம், தொடக்க நிரல் தன்னை ரேமின் மேல் பகுதிக்கு நகலெடுத்துக்கொண்டு ஒரு போர்ட்டில் எழுதியதும் ரோம் மறைந்து ரேம் வந்துவிடும்.

வட்டுக்கு எஸ்டி கார்டு. சிபி/எம் 2.2 ஒரு டிரைவுக்கு 8 மெகாபைட் வரை ஏற்கும், 16 டிரைவ் வைக்கலாம்.

திரையில் தமிழ் வருமா?

வரும். நான் எல்லோரையும் செய்யச் சொல்லி வற்புறுத்துவது இதைத்தான்.

247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டாம். துண்டுகளாகப் பிரியுங்கள். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகர உயிர்மெய் 18. உகர, ஊகார வரிசை ஒவ்வொன்றும் தனி வடிவம் என்பதால் 36. கால், கொக்கி, கொம்பு என்று ா, ி, ீ, ெ, ே, ை ஆறு. ஔகாரத்தின் பின்பகுதிக்கு ள போதும். டி, டீ ஒட்டி வருவதால் அவை 2. கிரந்தத்துக்கு ஒரு 13 ஒதுக்குங்கள். மொத்தம் 106. ஒரு பைட்டில் ஆங்கிலத்துக்குக் கீழ்ப் பாதி போக, மேல் பாதியில் 128 இடம் இருக்கிறது. இன்னும் 22 மிச்சம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்திருக்காவிட்டால் பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்களுக்கு இன்னும் 7 வேண்டியிருக்கும். அந்த ஆணை நம் மெமரியையும் மிச்சப்படுத்தியது.

8க்கு 8 கட்டத்தில் ண-வும் ன-வும் ஒன்றுபோலத் தெரியும். 16க்கு 16 எடுங்கள். ஒரு எழுத்துக்கு 32 பைட், 128 எழுத்துக்கு 4,096 பைட். பழைய 2732 ஈப்ராம் ஒன்றின் அளவு அது. 640க்கு 480 திரையில் வரிக்கு 40 கட்டம், 30 வரி. ஆக 1,200 பைட்டில் முழுத் திரை.

இதை இரண்டாவது பிக்கோ ஒன்றிடம் கொடுத்துவிடுங்கள். 125 மெகாஹெர்ட்ஸை ஐந்தால் வகுத்தால் 25. விஜிஏ கேட்பது 25.175, பெரும்பாலான மானிட்டர்கள் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 270 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் மானிட்டரின் 75 ஓம்மோடு சேர்ந்து 0.7 வோல்ட் வந்துவிடும். 8085 செய்ய வேண்டியது ஒரு போர்ட்டில் பைட்டை எழுதுவது மட்டும். ‘கொ’ என்றால் ெ, க, ா என்று மூன்று பைட், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. பழைய தமிழ் தட்டச்சுப் பொறி தெரிந்தவர்களுக்கு இது பழகிய பாதை.

ி வரையும்போது மட்டும் கவனம். அதன் வளைவு தன் கட்டத்தின் இடது ஓரத்தைத் தொட்டுத் தொடங்க வேண்டும், முந்தைய மெய்யின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி வரிசை அதே உயரத்தில் முடிய வேண்டும். இல்லையென்றால் ‘கி’ இரண்டு துண்டாக நிற்கும். நாங்கள் 18 எழுத்தையும் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்து பார்த்த பிறகுதான் ஏற்றினோம். முதல் தடவை திரையில் ‘காவிரி’ என்று வந்தபோது மாடியே அமைதியானது.

கரண்ட், மழை, உப்புக் காற்று. நம் ஊரில் என்ன கவனிக்க வேண்டும்?

மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கி ஏறும். 5 வோல்ட் சப்ளை 4.3-க்கு இறங்கினால் 8085 சாகாது, ஆனால் தப்பாக எழுதும். எஸ்டி கார்டில் எழுதும் நேரத்தில் அப்படி நடந்தால் வட்டு போச்சு. சிபி/எம்மின் ஒரு பகுதி 128 பைட், கார்டின் ஒரு பகுதி 512 பைட், ஆகவே நாலு ஒன்றாகக் கெடும். டிஎஸ்1813 மாதிரி வோல்ட்டேஜ் குறைந்ததும் ரீசெட்டை இழுக்கும் மூன்று கால் ஐசி ஒன்று போடுங்கள். பழைய கிட்டில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மட்டுமே ரீசெட் வேலையைப் பார்த்தன, இறங்கி ஏறும் கரண்ட்டுக்கு அது போதாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் கிட்டுகளில் பாதிக் கோளாறு சாக்கெட்டில்தான். வெளியே பளபளப்பு, உள்ளே பச்சைப் பூத்திருக்கும். ஐசியைக் கழற்றி, காலைப் பென்சில் ரப்பரால் துடைத்து, சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். உருண்டை ஓட்டை வைத்த வகை சாக்கெட் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் நிலைக்கும். ஐப்பசி, கார்த்திகை இடி நாளில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மெஷின் ஓடிவிட்டது. இனி என்ன செய்ய?

ஜூன் 12 மேட்டூர் திறப்பு நெருங்கினால் வீட்டில் எல்லோரும் பேசும் கணக்கு ஒன்று இருக்கிறதே, அதை எழுதுங்கள். விநாடிக்கு இத்தனை கன அடி ஒரு நாள் முழுக்கப் போனால் எத்தனை டிஎம்சி? 86,400-ஆல் பெருக்கி, 100 கோடியால் வகுக்க வேண்டும். 20,000 கன அடி என்றால் 1.728 டிஎம்சி. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, எத்தனை நாளுக்குக் காணும் என்றும் போடலாம்.

எட்டு பிட் சிப்பில் இது விளையாட்டல்ல. பதினாறு பிட் ஜோடியில் 65,535 வரைதான் அடங்கும். மயிலாடுதுறைப் பையன் ஒருவன் நாலு பைட்டில் பெருக்கல் எழுதி அழகாக ஓடவிட்டான். வெள்ள நாளுக்கென்று ஒரு லட்சம் கன அடி கொடுத்ததும் விடை 0.050 என்று வந்தது. நாலு பைட்டில் சுமார் 429 கோடி வரைதான் கொள்ளும். 49,710 கன அடிக்கு மேல் போனால் மேல் பிட் கரை உடைத்துக்கொண்டு போய்விடுகிறது. ஐந்தாவது பைட் சேர்த்தான், 8.640 வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

கிட், அதற்கென்று இருந்த பவர் சப்ளை, வரைபடம் இருந்தால் அது. வரைபடம் இல்லையென்றால் போர்டின் இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. ஆன் செய்து பார்க்காமலே கொண்டு வாருங்கள், பழைய கெப்பாசிட்டரை முதலில் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். உதிரி ஐசிகளை வெறும் தெர்மக்கோலில் குத்தி எடுத்து வராதீர்கள், உரசலில் உண்டாகும் மின்னூட்டத்தில் சிப் செத்துவிடும். சமையலறை அலுமினியத் தாளைத் தெர்மக்கோலின் மேல் சுற்றி, அதில் குத்துங்கள்.